சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்...

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்..." இந்த வரியை நகரத்தில் வளர்ந்தவங்க பெரும்பாலும் சினிமாவில்தான் கேட்டிருப்பீங்க. கிராமத்தில் பிறந்த என் வயசுக்காரங்களுக்கு அது நிஜமாகவே தெருவில் கேட்ட வரி. கிஸ்தி கட்டக் கடைசி நாள், கண்மாய் மடை திறக்கிற நாள், அம்மை குத்த ஆள் வருகிற நாள், புளியமரம் ஏலம் விடுகிற நாள் எல்லாமே இந்த வரியோடுதான் எங்க காதுக்கு வந்து சேர்ந்தது.

இந்த வரியில் கனமான சொல் 'சகலமானவர்களுக்கும்' என்பதுதான். அரசாங்கம் ஒரு காரியம் செய்யப்போகுது. அது உன் நிலத்தை, உன் தண்ணியை, உன் வரியைத் தொடும். அதனால் உனக்கு முன்கூட்டியே சொல்லணும். இதுதான் பொது அறிவிப்பு என்பதன் அடிப்படை. ஆனா சொல்லுகிற முறை மாற மாற, அந்த 'சகலமானவர்கள்' யாரு என்பதும் மாறிக்கிட்டே வந்திருக்கு. அந்தக் கதையைத்தான் இந்த முறை எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

நமக்கென்ன இதுலன்னு நினைச்சிடாதீங்க. நீங்க சென்னையில் அடுக்குமாடியில் இருக்கலாம். ஊர்ல அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ அரை ஏக்கர் கிடக்கும். அந்த அரை ஏக்கரைப் பத்தின அறிவிப்பு ஏதோ ஒரு சுவத்தில் இன்னைக்கு ஒட்டியிருக்கலாம். சட்டத்தின் கணக்கில் உங்களுக்குச் சொல்லியாச்சு.

முரசும் கல்லும்

பழைய காலத்திலிருந்தே நம்ம நாட்டில் அறிவிப்புக்கு இரண்டு வழி இருந்திருக்கு. ஒன்னு சத்தம், இன்னொன்னு எழுத்து.

சத்தத்துக்கு மணிமேகலையே சாட்சி. அதில் முதல் காதைக்குப் பேரே விழாவறை காதை. புகார் நகரத்தில் இந்திர விழா வருவதை, யானையின் பிடரியில் முரசை ஏற்றி, தெருத் தெருவாகச் சொல்லிப் போகிறார்கள். சும்மா விழான்னு சொல்லிட்டுப் போகலை. வீதியை எப்படி வைக்கணும், எங்கே என்ன நடக்கும், யார் எப்படி நடந்துக்கணும் என்பது வரைக்கும் சொல்கிறார்கள். இன்னைக்கு நகராட்சி விடுகிற அறிவிப்பு மாதிரியேதான் இருக்கும்.

எழுத்துக்குச் சாட்சி உத்திரமேரூர். பள்ளிப் பாடத்திலேயே குடவோலை முறை என்று படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், அந்த ஊர்ச் சபை தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. இன்னைக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்தில் போய்ப் பார்க்கலாம். வாரியத்துக்கு நிற்கிறவருக்கு வரி கட்டுகிற நிலம் கால் வேலியாவது இருக்கணும், சொந்த மனையில் வீடு இருக்கணும், வயசு 35க்கு மேலே 70க்குக் கீழே இருக்கணும். முன்னாடி பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் நிற்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை இன்னைக்குக் கொண்டுவந்தால் பாதிப் பேர் போட்டியிட முடியாது.

ஒன்னைச் சேர்த்துச் சொல்லணும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அந்தச் சபையில் என்னை மாதிரி உழுகிறவனுக்கு இடம் கிடையாது, வேதம் படித்திருக்கணும். கல்லில் வெட்டினதை ஊர்ல எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரிஞ்சிருக்கும் என்பதும் கேள்விதான். ஆனாலும் கல்லுக்கு ஒரு பெருமை உண்டு. ராத்திரியோட ராத்திரியா யாரும் அதைக் கிழிச்சுட்டுப் போக முடியாது. ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சும் அங்கேயே நிற்குது. சபை நினைச்சபடி விதியை மாத்திக்கிட்டு, 'நாங்க அப்பவே சொன்னோமே' என்று சாதிக்க முடியாது.

சத்தம் எல்லார் காதிலும் விழும், ஆனா நிற்காது. எழுத்து நிற்கும், ஆனா எல்லாருக்கும் போய்ச் சேராது. இந்த இரண்டு வரியை மனசில் வெச்சுக்கோங்க. பின்னாடி வந்த சட்டங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தள்ளாடுது.

தமுக்குக் காலம்

எங்க பக்கம் தண்டோராவைத் தமுக்கு என்றும் சொல்வாங்க. கிராம முன்சீப்போ கர்ணமோ சொல்லிவிட்டால், வெட்டியான் தமுக்கைத் தோளில் மாட்டிக்கிட்டுக் கிளம்புவார். பொழுது சாய்ற நேரம்தான் கணக்கு. காட்டுல வேலை செய்தவங்க திரும்பியிருக்கணும், மாடு தொழுவத்துக்கு வந்திருக்கணும், பொம்பளைங்க அடுப்பு மூட்டியிருக்கணும். தெரு முக்குக்கு முக்கு நின்னு, நாலு அடி அடிச்சுட்டு, சேதியைச் சொல்வார்.

நான் சின்னப் பையனாக இருந்தப்போ கவனித்தது ஒன்னு உண்டு. சேதி சொல்லி முடிச்ச உடனே அவர் நகர்ந்துட மாட்டார். திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் கேட்பார்: "எந்தக் கண்மாய்ப்பா? பெருசா, சின்னதா?" ஒரு பாட்டி கேட்கும்: "வெள்ளிக்கிழமையா, அடுத்த வெள்ளிக்கிழமையா?" அவர் நின்னு பதில் சொல்வார். தெரியலைன்னா, "முன்சீப் ஐயாவைக் கேட்டுக்கங்க" என்பார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த அறிவிப்பு முழுசா விளங்கிடும். இன்னைக்கு வெப்சைட்டில் போடுகிற பிடிஎஃப்பிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது.

அதே நேரம், அந்தத் தமுக்கு யார் தோளில் தொங்கிச்சு என்பதை மறந்துட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. அது ஒரு சாதிக்கு மட்டுமே விதிச்ச வேலை. அப்பா அடிச்சா மகன் அடிக்கணும். அதுக்குக் கூலி, களத்தில் அள்ளிப் போடுகிற நெல்லும் கொஞ்சம் மானியமும். ஊருக்கே சேதி சொன்னவரைத் திண்ணையில் உட்காரச் சொன்னவங்க கிடையாது. அவருடைய பிள்ளைகள் படிச்சு, 'இந்த வேலையை இனி நாங்க செய்ய மாட்டோம்' என்று சொன்னதில் முழு நியாயம் இருக்கு.

நிர்வாகத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. தமுக்கு அடிச்சதுக்கு அடையாளம் எதுவும் மிஞ்சாது. 'தண்டோரா மூலம் தெரிவிக்கப்பட்டது' என்று ஒரு காகிதத்தில் எழுதி, சாட்சிக்கு இரண்டு கையெழுத்து வாங்கிட்டால் முடிந்தது. அடிக்காமலே அடிச்சதா எழுதிக்கலாம். ஜப்தி, ஏலம் மாதிரி காரியங்களில் இந்த மாதிரிக் காகிதத் தண்டோராவால் நிலத்தை இழந்த குடும்பக் கதைகள் எங்க பக்கம் ஊருக்கு ஒன்னாவது இருக்கும்.

1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், பரம்பரையா வந்த கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழிச்சாங்க. அவங்க இடத்துக்கு வி.ஏ.ஓ. வந்தார். அது நல்ல காரியம்தான். ஒரு குடும்பத்தின் கையில் ஊர்க் கணக்கு மொத்தமும் இருந்த காலம் முடிஞ்சது.

கச்சேரிச் சுவரும் கெஜட்டும்

வெள்ளைக்காரன் வந்தபோது தமுக்கை எடுத்துட்டு வேற எதையும் வைக்கலை. தமுக்கையே சட்டத்துக்குள்ளே எழுதிக்கிட்டான். 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம் இன்னைக்கும் நடைமுறையில் இருக்கு. கடனுக்காக நிலத்தை ஜப்தி செய்தால், அந்த நிலத்திலோ அதன் பக்கத்திலோ தமுக்கு அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்கணும். உத்தரவின் நகலை நிலத்தில் கண்ணில் படுகிற இடத்திலும் கோர்ட்டுச் சுவத்திலும் ஒட்டணும் என்று அதில் இருக்கு. 1976ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, கிராமத்து நிலமாக இருந்தால் பஞ்சாயத்து ஆபீஸிலும் ஒட்டணும் என்று சேர்த்தாங்க. சத்தம், எழுத்து இரண்டும் வேணும், அதுவும் நிலம் இருக்கிற இடத்திலேயே வேணும் என்று புரிஞ்சு எழுதின சட்டம் அது.

கூடவே வெள்ளைக்காரன் புதுசா ஒன்னைக் கொண்டுவந்தான். அதுதான் கெஜட், இப்போ அரசிதழ் என்கிறோம். நம்ம மெட்ராஸ் மாகாணத்துக்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட் என்று பேரு. உத்தரவு, நியமனம், நில எடுப்பு எல்லாம் அதில் அச்சாகும். அது அரசாங்கத்தின் ஞாபகப் புத்தகம், அந்த வகையில் தேவையானதுதான். ஆனா உழுகிறவன் எவனும் கெஜட் வாங்கிப் படிச்சதில்லை. இப்போ அம்பது வயசைத் தாண்டிட்டேன், எங்க ஊர் டீக்கடையில் ஒரு நாளும் கெஜட்டைப் பார்த்தது கிடையாது.

1894ல் நில எடுப்புச் சட்டம் வந்தது. நூத்திப் பத்தொன்பது வருஷம் நிலத்தை எடுத்த சட்டம் அது. 'இந்த நிலம் பொதுக் காரியத்துக்குத் தேவைப்படலாம்' என்று முதலில் கெஜட்டில் போடணும். அதன் சாரத்தை அந்த ஊரில் வசதியான இடங்களில் தெரிவிக்கணும். ஆனா அந்தச் சட்டத்தில் ஆரம்பத்தில், 'எடுக்காதே' என்று ஆட்சேபணை சொல்ல வழியே கிடையாது. எவ்வளவு பணம் என்று மட்டும்தான் பேசலாம். 1923ல்தான் 5ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முப்பது நாளைக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்று வெச்சாங்க.

அன்னைக்குப் பொது அறிவிப்புக்கு உயிர் வந்தது. அதுவரைக்கும் அறிவிப்பு என்றால் வெறும் தகவல். 1923க்கு அப்புறம் ஓடுகிற கடிகாரம் ஆயிடுச்சு. சேதி பத்து நாள் தாமதமா வந்தால், உன் உரிமையில் பத்து நாள் குறைஞ்சு போச்சு என்று அர்த்தம்.

கோர்ட்டு சொன்னது

சுதந்திரம் வந்த பிறகு இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு தீர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வக்கீல் நண்பர் எடுத்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது.

முதலாவது 1951ல் வந்த ஹர்லா வழக்கு. ஜெய்ப்பூர் சமஸ்தானம் இருந்தப்போ, அபின் சம்பந்தமா ஒரு சட்டத்தை அமைச்சர்கள் அறைக்குள்ளேயே தீர்மானம் போட்டு நிறைவேற்றிட்டாங்க. எங்கேயும் வெளியிடலை. அந்தச் சட்டத்தின்படி ஹர்லாவுக்குத் தண்டனை கொடுத்தாங்க. ஜனங்களுக்கு வெளியிடாத சட்டம் சட்டமே இல்லை, யாருக்கும் தெரியாத ஒன்னை வெச்சு ஒருத்தனைத் தண்டிக்கிறது இயற்கை நீதிக்கே விரோதம் என்று தள்ளிவிட்டது உச்ச நீதிமன்றம்.

இரண்டாவது 1960களில் அதே ராஜஸ்தானிலிருந்து வந்த கூப் சந்த் வழக்கு. நிலம் எடுக்கப்போறதா கெஜட்டில் போட்டாங்க. ஊர்ல வசதியான இடங்களில் தெரிவிக்கணும் என்ற பகுதியைச் செய்யலை. கெஜட்டில்தான் போட்டாச்சே என்று அரசு வாதாடிச்சு. அது போதாது, ஊரில் தெரிவிப்பதும் கட்டாயம், அதைச் செய்யாததால் மொத்த நடவடிக்கையும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கெஜட்டை ஊர்க்காரன் படிக்க மாட்டான் என்பது நீதிபதிகளுக்குத் தெரிஞ்சிருக்கு.

பேப்பரில் போட்டாச்சு

1984ல் நில எடுப்புச் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பகுதியில் விற்பனையாகிற இரண்டு நாளிதழ்களிலும் போடணும், அதில் ஒன்னாவது வட்டார மொழியில் இருக்கணும் என்று சேர்த்தாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. எழுத்தறிவு கூடிட்ட காலம், டீக்கடைக்கு டீக்கடை பேப்பர் வந்தாச்சு.

ஆனா நடைமுறையைப் பாருங்க. எங்க ஊர் டீக்கடையில் ஒரே ஒரு பேப்பர்தான் வாங்குவாங்க. விளம்பரம் வேற பேப்பரில் வந்திருக்கும். இதே பேப்பரில் வந்தாலும், அது உள்பக்கத்தில், எறும்பு ஊர்ற மாதிரி எழுத்தில், சர்வே நம்பரும் உட்பிரிவும் வரிசை வரிசையா இருக்கும். ஊர்ப் பேரைக் கண்டுபிடிக்கவே பூதக்கண்ணாடி வேணும். வடை மடிக்கிறதுக்குள்ளே அதை யாராவது வாசிச்சாத்தான் உண்டு.

எங்க பக்கம் ஒரு ரோட்டை அகலப்படுத்தினப்போ என் பங்காளி ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்றேன். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார். நிலம் இறந்துபோன அவங்க அப்பா பேரிலேயே கிடந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் கிணத்தைப் பார்க்கப் போனால், வரப்பை ஒட்டி மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல் நட்டிருக்கு. விசாரிச்சால், பேப்பரில் விளம்பரம் வந்து, கெடு எல்லாம் முடிஞ்சு மாசக்கணக்காச்சு என்றாங்க. கணக்கெடுத்தவங்க நிலத்தை மட்டும் எழுதியிருந்தாங்க. கிணறும் பைப் லைனும் கணக்கிலேயே இல்லை. அதுக்கப்புறம் அவர் லீவு போட்டுப் போட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சார். "ரோடு வேண்டாம்னு நான் சொல்லலைண்ணே. கிணறு இருக்குன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு நாள் கொடுத்திருக்கலாம்ல" என்று அவர் கேட்டது எனக்கு இன்னும் மறக்கலை.

இதில் சட்டம் மீறப்பட்டது என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கும். பயமே அதுதான். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 1997ல் சேர்த்த பிரிவுகளின்படி, அரசிதழில் அறிவிப்பு வந்த தேதியிலிருந்து 21 நாளைக்குள் ஆட்சேபணை கொடுக்கணும். அறிவிப்பின் சாரத்தை உள்ளூரில் வருகிற இரண்டு பேப்பரில் போட்டால் போதும், ஒன்னு வட்டார மொழியில் இருக்கணும். அடுத்த கட்ட அறிவிப்பு வந்துட்டால் நிலம் முழுசா மத்திய அரசுக்குப் போய்ச் சேர்ந்திடும். அரசிதழில் வந்து நாலைந்து நாள் கழிச்சுப் பேப்பரில் வந்தால், அந்த நாலைந்து நாளும் நிலத்துக்காரன் கணக்கில்தான் கழியும். 21 நாள் என்பது எங்களுக்கு நாத்து விட்டுப் பறிக்கிறதுக்குக்கூடப் பத்தாது.

எழுத்தில் நல்ல சட்டம்

2013ல் வந்த புது நில எடுப்புச் சட்டம் இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவு. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் போடணும், இரண்டு பேப்பரில் போடணும், பஞ்சாயத்து ஆபீஸ், தாலுகா ஆபீஸ், கோட்டாட்சியர் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் எல்லாவற்றிலும் உள்ளூர் மொழியில் போடணும், வெப்சைட்டில் ஏத்தணும், பாதிக்கப்படுகிற இடத்திலும் தெரிவிக்கணும். இவ்வளவும் செய்துட்டு, அந்த அறிவிப்பைச் சொல்வதற்காகவே கிராம சபையைத் தனியாகக் கூட்டிச் சொல்லணும். ஆட்சேபணைக்கு அறுபது நாள்.

முன்சீப் காலத்துத் தமுக்கையும் உத்திரமேரூர்ச் சுவரையும் சேர்த்து வெச்ச மாதிரி ஒரு சட்டம். ஆனா ஒரு கதவைத் திறந்து வெச்சுட்டாங்க. தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே போன்ற சில தனிச் சட்டங்களுக்கு இந்த அறிவிப்பு முறை பொருந்தாது. இழப்பீட்டுக் கணக்கு பின்னாடி பொருந்தும்படி செய்தாங்க. கிராமத்து நிலம் அதிகமா போவது ரோட்டுக்குத்தான். அந்த ரோட்டுக்கு இன்னும் 21 நாளும் இரண்டு பேப்பரும்தான்.

மொழி விஷயத்தில் இன்னொரு கதை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்குக்கு நடுவில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்கு மத்திய அரசு ஒரு புது வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. ஆலையும் சுரங்கமும் வருகிற ஊர்க்காரங்க எத்தனை பேருக்கு அது புரியும்? டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30ஆம் தேதி தலையிட்டு, எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி, கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டிச்சது. வேடிக்கை என்னன்னா, ஏற்கெனவே இருக்கிற 2006ஆம் வருஷத்து விதியில், பேப்பர் போகாத ஊரில் தமுக்கு அடிச்சும் ரேடியோ, டி.வி. மூலமும் கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தெரிவிக்கணும் என்று பின்னாடி ஒரு திருத்தத்தில் சேர்த்திருக்காங்க.

தமுக்கு போன பிறகு

2022 ஆகஸ்டில், அப்போ தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதினார். மனுஷனைத் தண்டோரா போட வைக்கிற வழக்கம் இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாமே என்று. நான் அதை முழு மனசோட வரவேற்கிறேன். ஒரு மனுஷனின் மரியாதையை வித்து வாங்கின அறிவிப்பு எங்களுக்கு வேண்டாம்.

ஆனா தமுக்கு செய்த வேலையை இப்போ எது செய்யுது? ஆட்டோவில் மைக் கட்டிக்கிட்டு வருது. மெயின் ரோட்டில் ஒரு சுத்து. காலனிப் பக்கம் ரோடு சரியில்லைன்னு போகாது. பகல் பதினோரு மணிக்கு வரும். ஊர்ல அப்போ இருக்கிறது கோழியும் நாயும்தான். 'நாளை... கூட்டம்... அனைவரும்...' என்று பாதி காத்தில் போயிடும். நின்னு ஒரு கேள்வி கேட்க முடியாது. கிராம சபைக்கு வருஷத்தில் ஆறு நாள் வெச்சிருக்காங்க. அதுக்கே இந்த ஆட்டோதான்.

பஞ்சாயத்து ஆபீஸ் அறிவிப்புப் பலகை கேட்டுக்குள்ளே இருக்கும். சனி, ஞாயிறு பூட்டு. கண்மாய் மீன் பாசி ஏல நோட்டீஸை அதில் ஒட்டினால், படிக்கிறவர் ஒருத்தர், ஏலம் கேட்கிறவரும் அதே ஒருத்தர். பஞ்சாயத்துக்கு வரவேண்டிய காசு குறைஞ்சு போறதுக்கு இதைவிட லேசான வழி வேறில்லை.

என்ன செய்யலாம்

இதுக்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லேயே, தகவலைப் பரப்பும்போது செலவு, உள்ளூர் மொழி, அந்த இடத்தில் எது நல்லாப் போய்ச் சேரும் என்ற மூணையும் பார்க்கணும் என்று நாலாவது பிரிவில் எழுதிட்டாங்க. அந்த மூணாவதை உள்ளூர்க்காரன் கண்ணால் பார்த்தாலே போதும்.

ஜனங்க தானா வந்து நிற்கிற இடம் எங்க ஊர்ல மூணு. ரேஷன் கடை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலை நடக்கிற இடம். நோட்டீஸை அங்கே ஒட்டுங்க. வேலை தொடங்குறதுக்கு முன்னாடி அங்கேயே ஒருத்தர் வாசிச்சுக் காட்டட்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்லட்டும். பொம்பளைங்க காதில் விழுந்த சேதி சாயங்காலத்துக்குள்ளே ஊர் முழுக்கப் போயிடும்.

நிலத்தைப் பத்தின அறிவிப்பு என்றால் அந்த நிலத்திலேயே ஒரு பலகை நடுங்க. மனை விக்கிறவங்க பத்தடிக்குப் பலகை வைக்கிறாங்க; நிலத்தை எடுக்கிற அரசாங்கத்தால் வைக்க முடியாதா? பலகையின் முதல் வரியில் மூணே விஷயம் பெரிசா இருக்கணும். எந்த சர்வே நம்பர், என்ன நடக்கப்போகுது, ஆட்சேபணைக்குக் கடைசித் தேதி எது. 'மேற்படி சட்டத்தின் மேற்படி உட்பிரிவின் கீழ்' எல்லாம் அதுக்குக் கீழே வரட்டும்.

வெளியூரில் இருக்கிறவங்களுக்கு வெப்சைட்டும் போன் மெசேஜும்தான் வழி, அதை நான் மறுக்கலை. கரண்ட் பில்லுக்கு மெசேஜ் வருது, பேங்கில் பத்து ரூபாய் எடுத்தால் மெசேஜ் வருது. பட்டாவோடு போன் நம்பரைச் சேர்த்துட்டால், நிலத்துக்கு ஒன்னு நடக்கும்போதும் வரலாம். ஆனா கெடு முடிஞ்ச பிறகும் நோட்டீஸை வெப்சைட்டிலிருந்து எடுக்கக் கூடாது. உத்திரமேரூர்க் கல் மாதிரி அது அங்கேயே கிடக்கணும். நாளைக்கு யாராவது 'எப்போ சொன்னீங்க' என்று கேட்டால் காட்ட வேணும்.

கடைசியா ஒன்னு. நோட்டீஸ் ஒட்டினதுக்கு இப்போ ஆபீஸ் ஆளுங்களே சாட்சி. அதை மாத்தணும். தேதி விழுகிற மாதிரி போட்டோ எடுக்கட்டும். கூடவே அடுத்த கிராம சபையில், 'இந்த இந்த நோட்டீஸ் இந்தத் தேதியில் இந்த இடத்தில் ஒட்டினோம்' என்று வாசிக்கட்டும். ஒட்டாததை ஒட்டினதா ஊர் முன்னாடி வாசிக்கிறது அவ்வளவு சுலபமில்லை.

அதுவரைக்கும் நகரத்து நண்பர்களே, நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கு. உங்க குடும்ப நிலத்தின் சர்வே நம்பரும் உட்பிரிவும் உங்களுக்குத் தெரியணும். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தால் மாத்துங்க. இறந்தவர் பேருக்கு வருகிற நோட்டீஸை யாரும் கையெழுத்துப் போட்டு வாங்க முடியாது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஊருக்கு வந்தால், கோயிலுக்குப் போன கையோட பஞ்சாயத்து ஆபீஸ் பலகையையும் வி.ஏ.ஓ. ஆபீஸ் சுவத்தையும் ஒரு பார்வை பாருங்க. ஊரில் யாராவது ஒருத்தரிடம் உங்க போன் நம்பரைக் கொடுத்து வைங்க. எங்க ஊர்ல வெளியூர்க்காரங்க ஏழெட்டுப் பேருக்கு இப்போ நான்தான் சொல்லிவிடுகிற ஆள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைதான். அது செய்யத் தொடங்குற வரைக்கும் யாராவது ஒருத்தர் செய்யத்தானே வேணும்.